வளையல் ரயிலின் கப்ளர்

இலுப்பூர்
28.8.2025

சம்பந்தியம்மா செல்வராணி அவர்களுக்கு,

ஆத்மநாதன் வணக்கத்துடன் எழுதுவது. நானும் பொன்னுத்தாயும் நலம். நீங்களும் மருமகள் காவ்யாவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நம்பத்தான் வேண்டியிருக்கிறது, நான்கு நாளில் ஆறு தடவை போன் செய்தும் நீங்கள் எடுக்கவில்லை. கோயம்புத்தூரில் இருக்கும் அரவிந்த்குமாரிடம் சொன்னால், "நீங்க ரெண்டு பேரும் ரயில் பொம்மைக்குச் சண்டை போட்டா, நடுவுல நான் என்னப்பா பண்றது?" என்கிறான். பெற்ற மகனுக்கே நம் ரயில் பொம்மையாகத் தெரிகிறது. அந்த வருத்தம் தனி.

வளைகாப்பு அன்று நீங்கள் விட்டுப் போன ஆறு சரக்குப் பெட்டிகளையும் பஞ்சு சுற்றி இந்தப் பார்சலில் வைத்திருக்கிறேன். சாப்பிடாமல் கிளம்பிவிட்டீர்கள். இலை போட்டு வைத்திருந்தோம்.

நடந்ததை வரிசையாக எழுதிவிடுகிறேன். மோட்டார் காயில் கட்டுகிறவனுக்கு எதையும் கழற்றி வரிசையாக வைத்தால்தான் மனசு ஆறும். எஞ்சின் என்னுடையது, பெட்டிகள் உங்களுடையவை. சாண் நீளம்கூட இல்லாத பெட்டி ஒவ்வொன்றிலும் ஒரு டஜன் கண்ணாடி வளையலை நிமிர்த்தி அடுக்கினீர்கள். நீங்கள் உள் அறையிலிருந்து அனுப்ப, ரயில் பலகை மேல் ஓடிக் கூடத்துக்கு வந்து, மனையில் உட்கார்ந்திருக்கும் காவ்யா பக்கத்தில் நிற்க வேண்டும். முந்தின நாள் சாயங்காலம் மூன்று தடவை ஓட்டிப் பார்த்தோம். ஒழுங்காகப் போனது. மறுநாள் நூறு பேர் பார்த்துக்கொண்டிருக்க, அறை வாசலைத் தாண்டியதும் எஞ்சின் மட்டும் தனியாக ஓடிப்போய் மருமகளிடம் நின்றது. ஆறு பெட்டியும் பின்னால் உருண்டு, பலகையை விட்டு விழுந்து, இரண்டரை டஜன் வளையல் நொறுங்கிவிட்டது.

எஞ்சினையும் முதல் பெட்டியையும் கோத்துப் பிடிக்கிற கப்ளர் கழன்றிருக்கிறது. என் எஞ்சின் பக்கத்துக் கப்ளரைக் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தேன். ஒரு குறையும் இல்லை. ஆகவே உங்கள் முதல் பெட்டியின் கப்ளரைச் சோதித்துப் பார்க்கும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

மருமகளுக்கு எங்கள் ஆசிகள்.

இப்படிக்கு,
ஆத்மநாதன்


கந்தர்வக்கோட்டை
3.9.2025

சம்பந்தி அவர்களுக்கு,

பார்சல் வந்தது. ஆறு பெட்டிகளும் சரியாக இருக்கின்றன. காவ்யா நன்றாக இருக்கிறாள். காலில் லேசாக வீக்கம். இந்த மாதத்தில் எல்லாருக்கும் இருப்பதுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

போனை எடுக்காததற்குக் காரணம் உண்டு. போனில் பேசினால் என் கோபம் முண்டியடித்துக்கொண்டு முன்னால் வரும். எழுதினால் வரிசையில் நிற்கும். முப்பது வருஷம் தபால் ஆபீஸ் கவுண்டரில் உட்கார்ந்தவள். வரிசையில் நிற்கிறவர்களைச் சமாளிக்க எனக்குத் தெரியும். எனவே நீங்களும் எழுதுங்கள்.

இனி கப்ளர் விஷயம். "கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தேன்" என்கிறீர்கள். கப்ளரைக் கண்ணால் பார்ப்பது சோதனை ஆகாது, சம்பந்தி. இரண்டு கப்ளரும் ஒரே உயரத்தில் இருக்கிறதா என்று அளக்க வேண்டும். அதற்கென்று ஓர் அளவுக்கட்டை இருக்கிறது. தண்டவாளத்தின் மேல் வைத்துவிட்டு வண்டியைப் பக்கத்தில் தள்ளினால் கப்ளர் உயர்ந்திருக்கிறதா, தொங்குகிறதா என்று குழந்தைக்கும் தெரியும். என்னுடையதை இத்துடன் அனுப்புகிறேன். என் ஆறு பெட்டிகளையும் அதில் வைத்துப் பார்த்துவிட்டேன். ஆறும் சரி. உங்கள் எஞ்சினை வைத்துப் பாருங்கள்.

இன்னொன்று. அந்த எஞ்சினின் கப்ளரில் நீங்கள் தையல் மெஷின் எண்ணெய் விட்டிருக்கிறீர்கள். வாசனையே சொல்லிற்று. எண்ணெய் தூசியைச் சேர்த்துக் களிம்பாக்கும். கப்ளரின் விரல் போன்ற கொக்கி மடங்கி மூடாது. பென்சில் முனைக் கரியைச் சுரண்டி அந்தத் தூளைப் போட வேண்டும். ஊருக்கெல்லாம் மோட்டார் கட்டிக் கொடுக்கிறவருக்கு இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

கந்தர்வக்கோட்டைக்கு ரயில் கிடையாது. இலுப்பூருக்கும் கிடையாது. ரயில் எட்டிப் பார்க்காத இரண்டு ஊரிலும் ஆளுக்கொரு மாடியில் தண்டவாளம் போட்டு வைத்திருக்கிறோமே என்று, பெண் பார்க்க வந்த அன்று நீங்கள் துள்ளிக் குதித்தீர்கள். பெண்ணைக்கூட அப்புறம்தான் பார்த்தீர்கள். அந்த ஆத்மநாதன்தானா இவர் என்று யோசிக்கிறேன்.

செல்வராணி


இலுப்பூர்
9.9.2025

சம்பந்தியம்மா அவர்களுக்கு,

அளவுக்கட்டை கிடைத்தது. எஞ்சினைப் பக்கத்தில் தள்ளினேன். உண்மையை எழுதிவிடுகிறேன்: என் கப்ளர் ஒரு மில்லிமீட்டர் தொங்குகிறது. கப்ளரை வைத்து மூடுகிற சின்னப் பெட்டியின் மூடி நெகிழ்ந்துபோயிருக்கிறது. பார்வைக்கு நேராக இருந்தாலும், இழுக்கும்போது தலை கவிழ்கிறது.

கடையில் ஒரு வாஷரும் அந்த மெல்லிசுக்கு இல்லை. தேடித் தேடிப் பார்த்துவிட்டு, பீரோ மேல் இருந்த என் முழங்கால் எக்ஸ்ரே படத்தில் ஒரு துண்டு கத்தரித்து, கப்ளருக்கு அடியில் வைத்தேன். அப்படி ஒரு பொருத்தம்! அளவுக்கட்டையோடு ஒட்டி நிற்கிறது. மறுநாள் டாக்டரிடம் போக எக்ஸ்ரேயை எடுத்த பொன்னுத்தாய், "முட்டிச் சில்லையே காணோம், எங்கங்க போச்சு?" என்று கேட்டாள். வளைகாப்புக்குப் பிறகு அவள் என்னிடம் பேசிய முதல் முழு வாக்கியம் அதுதான்.

எண்ணெயையும் துடைத்துவிட்டேன். பென்சில் தூள் போட்டேன்.

ஆனால் சம்பந்தியம்மா, ஒரு மில்லிமீட்டர் தொங்கியதோடுதானே முந்தின நாள் மூன்று தடவை ஓடியது? ஆகவே பாதிக் குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். மீதிப் பாதிக்கு, உங்கள் பெட்டிகளின் கப்ளருக்குக் கீழே மீசை மாதிரித் தொங்குகிறதே ஒரு கம்பி, அதைப் பாருங்கள். அது தண்டவாளத்தில் உரசினால் கப்ளரைத் தூக்கிவிடும்.

இந்த அளவுக்கு ஒரு கொக்கிக்காக நீங்கள் கோபித்துக்கொண்டு சாப்பிடாமல் போனீர்கள் என்பது மட்டும் எனக்கு இன்னும் புரியவில்லை. வளையல் உடைந்தால் வேறு வளையல். காவ்யாவே சிரித்துக்கொண்டுதானே, "இன்னும் மூனரை டஜன் இருக்கு, போடுங்க" என்று கையை நீட்டியது? வேறு ஏதாவது இருந்தால் எழுதுங்கள்.

ஆத்மநாதன்


கந்தர்வக்கோட்டை
15.9.2025

சம்பந்தி அவர்களுக்கு,

கேட்டதால் எழுதுகிறேன். ஒரு தடவைதான் எழுதுவேன்.

காவ்யாவின் அப்பா போய்ப் பதினோரு வருஷம் ஆகிறது. அவள் காலேஜ் ஹாஸ்டலுக்குப் போன பிறகு வீட்டில் சத்தமே இல்லாமல் போயிற்று. அந்தச் சத்தத்துக்காகத்தான் முதல் எஞ்சினை வாங்கினேன். இது உங்களுக்குத் தெரியும், சொல்லியிருக்கிறேன்.

வளைகாப்புக்கு ஒரு வாரம் முன்னால் உங்கள் அக்கா அழகம்மாள் எனக்குப் போன் செய்தார். "தாயி, தப்பா நெனைக்காத. நீ அன்னைக்கு உள் ரூம்புல இருந்துக்க. வளையல் போடுறத சுமங்கலிங்க பாத்துக்கட்டும்" என்றார். நான் "சரிங்கக்கா" என்றேன். பெண்ணைக் கொடுத்த இடம். அவரும் என்னைப் போலத்தான். இருபத்தாறு வயதில் புருஷனை இழந்து, நாற்பது வருஷத்துக்கு மேலாக எல்லா விசேஷத்திலும் ஒதுங்கி நிற்கிறவர். அவரிடம் நான் என்ன வாதாடுவது?

மறுநாள்தான் உங்களிடம் ரயில் யோசனையைச் சொன்னேன். நீங்கள் வேடிக்கைக்கு என்று நினைத்துக்கொண்டீர்கள். நான் என் கையால் அடுக்கிய வளையல், நான் நிற்கிற இடத்திலிருந்து கிளம்பி, என் மகள் கைக்குப் போய்ச் சேரும். யாரும் ஒன்றும் சொல்ல முடியாது. அதற்காகத்தான்.

பெட்டிகள் விழுந்தபோது உங்கள் அக்கா அடுக்களை வாசலில் நின்றுகொண்டு, "கை படக் கூடாதுன்னு எதுக்குச் சொன்னேன்? வண்டியில ஏத்திவிட்டா மட்டும் ஆச்சா?" என்று சத்தமாகச் சொன்னார். எல்லாரும் உங்கள் முகத்தைப் பார்த்தார்கள். நானும் கதவு இடுக்கு வழியாகப் பார்த்தேன். நீங்கள் குனிந்து முதல் பெட்டியை எடுத்தீர்கள். கப்ளரைத் திருப்பிப் பார்த்தீர்கள். "இது அவங்களாலதான் ஆச்சு, அவங்க வண்டிக் கோளாறு" என்றீர்கள்.

நீங்கள் கப்ளரைத்தான் சொன்னீர்கள் என்று எனக்குத் தெரியும். ஆனால் அங்கே இருந்தவர்களுக்கு அது அப்படிக் கேட்கவில்லை. காவ்யாவுக்கும் கேட்கவில்லை. சிரித்தபடி கையை நீட்டியவள், காரில் ஏறியதும் புதுக்கோட்டை தாண்டுகிற வரை அழுதுகொண்டே வந்தாள். சரி, விடுங்கள்.

ராத்திரியில் அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "அம்மா, ஒன்னும் ஆகாதுல்ல?" என்று கேட்கிறாள். என்ஜினியரிங் படித்த பெண். ஆகாது என்று சொல்கிறேன். எனக்கும் அடிமனசில் பயம் இருக்கிறது. அதை யாரிடமும் சொல்லவில்லை, இப்போது உங்களுக்கு எழுதிவிட்டேன்.

மீசைக் கம்பிகளைப் பார்க்கிறேன். இனி வண்டியைப் பற்றி மட்டும் எழுதினால் போதும்.

செல்வராணி


இலுப்பூர்
19.9.2025

சம்பந்தியம்மா அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். பொன்னுத்தாய் வாங்கி ஒரு தடவை படித்துவிட்டு, "இத்தன நாளா ஒங்களுக்கு இது தெரியலையா?" என்று கேட்டாள். தெரியவில்லை. ஒரு பொருள் உடைந்தால் என் கண் நேராக உடைந்த இடத்துக்குத்தான் போகும். பக்கத்தில் நிற்கிற மனுஷர் தெரிவதில்லை. இதைச் சமாதானமாக எழுதவில்லை. நான் இப்படித்தான் இருந்திருக்கிறேன் என்று எழுதுகிறேன்.

அன்று நான் பேசியது தப்பு. பேச வேண்டியதைப் பேசாதது அதைவிடத் தப்பு.

கப்ளருக்கான ஸ்பிரிங் பன்னிரண்டு அனுப்பியிருக்கிறேன். கடுகு அளவுதான், பொட்டலத்தைப் பார்த்துப் பிரியுங்கள்.

ஆத்மநாதன்


கந்தர்வக்கோட்டை
29.9.2025

சம்பந்தி அவர்களுக்கு,

பார்த்துத்தான் பிரித்தேன். அப்படியும் இரண்டு ஸ்பிரிங் பறந்துவிட்டன. ஒன்று எங்கே போயிற்று என்று தெரியவில்லை. இன்னொன்று ரசத்தில் விழுந்தது. கடுகுக்கு நடுவில் அதைத் தேடி எடுக்க நானும் காவ்யாவும் பட்ட பாடு! குழிக்கரண்டி குழிக்கரண்டியாக ரசத்தை வடிகட்டியில் ஊற்றி ஊற்றிப் பார்த்தோம். சிரித்துச் சிரித்து அவளுக்குப் புரையேறிவிட்டது. இப்போது ஜவுளிக்கடைப் பிளாஸ்டிக் பைக்குள் இரண்டு கையையும் விட்டுக்கொண்டுதான் வேலை பார்க்கிறேன். ஸ்பிரிங் துள்ளினாலும் பைக்குள்ளேயே கிடக்கும்.

அப்போதுதான் காவ்யா, "இதெல்லாம் யாரும்மா அனுப்புனா?" என்று கேட்டாள். கடிதங்களைக் காட்டிவிட்டேன். எல்லாவற்றையும் படித்தாள். உங்கள் கடைசிக் கடிதத்தைத் தன் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டாள். கேட்டால் தரமாட்டேன் என்கிறாள்.

மீசை விஷயத்தில் நீங்கள் சொன்னது சரி. மூன்றாவது பெட்டியிலும் ஐந்தாவதிலும் கம்பி கீழே இறங்கியிருந்தது. குறடால் பிடித்து அரை மில்லிமீட்டர் மேலே வளைத்தேன். முதல் பெட்டியில் ஒன்றும் இல்லை. கழன்றது முதல் பெட்டியில்தானே?

பிறகு ஒரு காரியம் செய்தேன். அன்றைக்கு இருந்த மாதிரியே எல்லாவற்றையும் வைத்துப் பார்த்தேன். என்னிடம் இருக்கிற எஞ்சினின் கப்ளரை வேண்டுமென்றே ஒரு மில்லிமீட்டர் தொங்கவிட்டேன். ஆறு பெட்டியிலும் டஜன் வளையல் எடைக்குப் புளி நிரப்பினேன். மாடியில் இருபது சுற்று விட்டேன். ஒரு தடவைகூடக் கழலவில்லை. காவ்யா நாற்காலியில் உட்கார்ந்து நோட்டில் கோடு போட்டு எண்ணினாள்.

அப்போது எனக்கு ஒன்று தோன்றியது, சம்பந்தி. தட்டையான பலகையில் கப்ளர் கழன்றால் பெட்டிகள் மெல்ல ஓடி, அப்படியே நின்றுவிடும். அன்று ஏன் பின்னால் உருண்டன? கதவு இடுக்கு வழியாக எனக்குப் பலகை முழுவதும் தெரியவில்லை. பலகை ஓரத்தில் பட்டுத்துணி வேறு தொங்கவிட்டிருந்தீர்கள்.

காலையில் அந்தப் பலகை எப்படி இருந்தது? யோசித்து எழுதுங்கள். சண்டைக்காகக் கேட்கவில்லை.

செல்வராணி


இலுப்பூர்
7.10.2025

சம்பந்தியம்மா அவர்களுக்கு,

உங்கள் கேள்வியைப் படித்ததும் எனக்கு அந்தக் காலை ஞாபகம் வந்துவிட்டது.

வளைகாப்பு அன்று காலை, பந்தல்காரர் வந்து, "அண்ணே, பின்னாடி ஒக்காந்துருக்கவங்களுக்கு ரயிலு தெரியாதுண்ணே, கொஞ்சம் ஒசத்துங்க" என்றார். வாசலில் கிடந்த இரண்டு செங்கல்லை எடுத்து, கூடத்துப் பக்கத்துப் பலகைக்கு அடியில் நான்தான் வைத்தேன். இரண்டு நிமிஷ வேலை. அதற்குள் சமையல்காரர் கூப்பிட்டார், அதை மறந்தே போய்விட்டேன். அறை வாசலில் சமமாக வந்த தண்டவாளம் அந்த இடத்தில் திடீரென்று மேலே ஏறுகிறது. எஞ்சின் மூக்கைத் தூக்கினால் அதன் பின்பக்கம் இறங்கும். ஏற்கனவே ஒரு மில்லிமீட்டர் தொங்குகிற கப்ளர் இன்னும் இறங்கி, உங்கள் பெட்டியின் கப்ளருக்கு அடியில் நழுவிவிட்டது. பெட்டிகள் சரிவில் உருண்டுவிட்டன.

தொங்கிய கப்ளரும் என்னுடையது. செங்கல்லும் என்னுடையது. உங்கள் வண்டியில் ஒரு குறையும் இல்லை.

உங்களுக்கு எழுதினால் மட்டும் போதாது என்று பட்டது. ஞாயிற்றுக்கிழமை அக்காவை வீட்டுக்குக் கூப்பிட்டேன். எக்ஸ்ரே துண்டை எடுத்துவிட்டு, கப்ளரைப் பழையபடி தொங்கவிட்டு, கூடத்தில் அதே பலகையைப் போட்டேன். என்னிடம் இருக்கும் பெட்டிகளில் அக்காவின் கொட்டைப்பாக்கையே ஏற்றினேன். செங்கல் இல்லாமல் விட்டேன், நேராகப் போனது. செங்கல்லை வைத்து விட்டேன். அதே இடத்தில் கழன்று பாக்கெல்லாம் உருண்டது. "இன்னொரு தடவ ஓட்டு" என்றார். ஓட்டினேன். கழன்றது. "ஏம் பாக்கப் பொறுக்குடா மொதல்ல" என்றார்.

பொறுக்கிக்கொண்டே சொன்னேன். "அக்கா, வளையல் ஒடஞ்சது யாரு கை பட்டும் இல்ல. நான் வச்ச செங்கல்லு. அன்னைக்கு எல்லாரு முன்னாடியும் நான் இதச் சொல்லியிருக்கணும். அந்தப் புள்ள பயந்துபோய்க் கெடக்குது."

அக்கா கொஞ்ச நேரம் வெற்றிலையைக் கிள்ளிக்கொண்டிருந்தார். பிறகு, "வண்டி வெவகாரம் வேற, சாங்கியம் வேறடா. அது ஒன்னுமில்லேன்னா, நாப்பது வருசமா நான் ஒதுங்கி நின்னது எதுக்கு?" என்று கேட்டார்.

பொன்னுத்தாய்தான், "நாங்க நிக்கச் சொன்னோம், நீங்க நின்னீங்க மதினி. அது எங்க தப்பு" என்றாள். அக்கா எழுந்து போய்விட்டார். காபியைக்கூடக் குடிக்கவில்லை. இரண்டு நாளாக இங்கிட்டு வரவில்லை.

அன்று கூடத்தில் இருந்த சொந்தக்காரர்களில் இதுவரை முப்பத்தி நான்கு பேரிடம் செங்கல் கதையைச் சொல்லிவிட்டேன். கடைக்கு மோட்டார் கொண்டு வருகிறவர்களிடமும் சொல்கிறேன். "ஒங்களுக்கு என்னண்ணே ஆச்சு?" என்று கேட்கிறார்கள். மருமகளிடம் சொல்லுங்கள்: எல்லாம் ஒரு மில்லிமீட்டரும் இரண்டு செங்கல்லும்தான். வேறு எதுவும் இல்லை.

ஆத்மநாதன்


கந்தர்வக்கோட்டை
25.10.2025

அண்ணனுக்கு,

பேத்தி பிறந்து ஒரு வாரம் ஆகிறது. நேற்றுத்தான் வீட்டுக்கு வந்தோம். இரண்டு கிலோ எண்ணூறு. காவ்யா நன்றாக இருக்கிறாள். அரவிந்த்குமார் குழந்தையைத் தூக்கப் பயந்துகொண்டு, ஒரு விரலை மட்டும் அதன் கையில் கொடுத்துவிட்டு மணிக்கணக்கில் அசையாமல் உட்கார்ந்திருக்கிறார். இதெல்லாம் போனிலேயே உங்களுக்குத் தெரியும். தெரியாத ஒன்றை எழுத வேண்டும்.

பத்து நாள் முன்னாலேயே வலி வந்து புதுக்கோட்டை ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்று, நல்ல மழையில் நீங்களும் உங்கள் அக்காவும் வந்து சேர்ந்தீர்கள். பொன்னுத்தாய் மதினி தீபாவளிப் பலகாரத்தைப் பாதியில் விட்டுவிட்டு அடுத்த பஸ்ஸில் வருவதாகச் சொன்னீர்கள். மாப்பிள்ளை கோயம்புத்தூரிலிருந்து வந்துகொண்டிருந்தார். நர்ஸ் கொடுத்த சீட்டோடு நீங்கள் கீழே மருந்துக் கடைக்குப் போனீர்கள். நீங்கள் வரிசையில் நின்ற அந்தக் கொஞ்ச நேரத்தில் நடந்தது இது.

பெஞ்சில் நானும் அக்காவும்தான். நடுவில் ஒரு ஆள் உட்காருகிற இடம் விட்டு உட்கார்ந்திருந்தோம். வந்ததிலிருந்து அவர் என்னிடம் பேசவில்லை. ஃபிளாஸ்க்கிலிருந்து காபியை ஊற்றி என் பக்கம் நகர்த்தினார், அவ்வளவுதான். கதவு திறந்தது. நர்ஸ் துணியில் சுற்றிய பிள்ளையோடு வந்து, "பொம்பளப் புள்ள. யாரு வாங்குறீங்க?" என்றார்.

நான் எழுந்திருக்கவில்லை. அத்தனை எழுதியும், அத்தனை சோதித்துப் பார்த்தும், கால் எழவில்லை அண்ணா. அக்காவைப் பார்த்தேன். அவரும் எழவில்லை. பழக்கம். "தம்பி பொண்டாட்டி இப்ப வந்துரும், பஸ்ஸு வந்துரும்" என்றார்.

"அதுவரைக்கும் நான் புள்ளையத் தூக்கிக்கிட்டு இங்கயே நிக்கவாம்மா? உள்ள எனக்கு எவ்வளவு வேலை கெடக்கு" என்று நர்ஸ் சத்தம் போட்டார். அந்தச் சத்தத்தில் பிள்ளை வீலென்று அழ ஆரம்பித்தது.

உங்கள் அக்கா என்னைப் பார்த்துத் திரும்பினார். "என்னத்தப் பாத்துக்கிட்டு ஒக்காந்துருக்க? புள்ள அழுகுதுல்ல, எந்திரிச்சு வாங்கு தாயி" என்று அதட்டினார்.

வாங்கினேன்.

என் சேலையில் முகத்தை உரசியதும் அழுகை நின்றுவிட்டது. எவ்வளவு நேரம் அப்படி நின்றேன் என்று தெரியாது. பக்கத்தில் அக்காவின் மூச்சு கேட்டது. எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "கொஞ்சம் இங்கிட்டுக் குடேன்" என்றார். கொடுத்தேன். பிறந்த பிள்ளையை இவ்வளவு சீக்கிரத்தில் தூக்கியதே இல்லையாம், இந்த வயதுக்கு. உங்களைக்கூடப் பதினாறு நாள் கழித்துத்தான் பக்கத்தில் காட்டினார்களாம். அப்போது சின்னப் பெண், கீழே போட்டுவிடுவாள் என்று பயமாம். பிறகு யார் வீட்டிலும் கேட்டதில்லையாம். "என்னாத்தா, இம்புட்டு லேசா இருக்கு" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

நீங்கள் மருந்துப் பையோடு படியேறி வந்ததும் சட்டென்று பிள்ளையை என்னிடம் கொடுத்துவிட்டு, "ஏண்டா இவ்வளவு நேரம்?" என்று உங்கள் மேல் பாய்ந்தார். நீங்கள் காரணம் தெரியாமல் திட்டு வாங்கினீர்கள். இதுதான் காரணம்.

தங்கச்சி,
செல்வராணி


இலுப்பூர்
2.11.2025

அன்புள்ள தங்கச்சிக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு, திட்டு வாங்கியதற்கு இவ்வளவு சந்தோஷப்பட்ட மனுஷன் ஊரில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன் என்று நினைத்துக்கொண்டேன். பொன்னுத்தாய் படித்துவிட்டுக் கண்ணைத் துடைத்தாள். பிறகு முதல் பஸ்ஸையே பிடித்திருக்கக் கூடாதா என்று தன்னையே திட்டிக்கொண்டு, கடைசியில், "தாமசமா போனதும் நல்லதுக்குத்தான்" என்றாள்.

முப்பதாம் நாள் பெயர் வைக்க எல்லாரும் அங்கே வருகிறோம். கூடத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் நீதான் முன்னால் நின்று செய்ய வேண்டும். சொந்தக்காரர்களுக்குச் சொல்லும்போது இதையும் சேர்த்தே சொல்லிக்கொண்டு வருகிறேன். இரண்டு பேர் முகத்தைச் சுளித்தார்கள். வராவிட்டால் பரவாயில்லை, இலை மிச்சம் என்று சொல்லிவிட்டேன்.

இன்று காலை அக்கா வந்தார். நான் எழுதிக்கொண்டிருப்பதைப் பார்த்து, "செல்வராணிக்கா? நானும் சொல்றேன், எழுது" என்று பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். அக்காவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்பது உனக்குத் தெரியும். அவர் சொன்னதை ஓர் எழுத்து மாற்றாமல் எழுதுகிறேன்:

"தாயி செல்வராணி, புள்ளைக்கு எண்ண தேச்சுக் குளுப்பாட்ட ஒனக்கு ஆளு இருக்கா? இல்லேன்னா நான் வாரேன். ஒரு மாசம் இருப்பேன். எனக்குக் கட்டிலு வேணாம், கீழயே படுத்துக்குவேன். பஸ்ஸுக்கு யாரும் வர வேணாம், எனக்கு வழி தெரியும். அன்னைக்கு அத்தன பேரு முன்னாடி நான் சொன்னது தப்பு. எனக்கும் அப்புடித்தான் சொன்னாக, நானும் ஒனக்கு அப்புடியே சொல்லிட்டேன். அம்புட்டுத்தான்."

எழுதி முடித்ததும் "தப்புன்னு எழுதிட்டியா?" என்று கேட்டார். எழுதிவிட்டேன் என்றேன். "எங்கிட்டு இருக்கு, காட்டு" என்றார். அந்த வார்த்தையைத் தொட்டுக் காட்டினேன். அதன் மேல் விரலை வைத்து, இந்த முனையிலிருந்து அந்த முனை வரை மெதுவாகத் தடவிப் பார்த்தார். மை காயாமல் கொஞ்சம் இழுபட்டுவிட்டது. கறையாகத் தெரிந்தால் அது அக்காவின் விரல்.

"சரி, ஒட்டு" என்கிறார். ஒட்டுகிறேன்.

அண்ணன்,
ஆத்மநாதன்